வலி எங்கே?

அழைப்பு என்றெல்லாம் ஒன்றும் இல்லை.
சொஹாரில், டயாலிசிஸ் பிரிவில் இருந்தேன்.
பிரசவ அறைக்கு மாறினால் மாதம் முப்பது ரியால் கூடுதல்.
தூத்துக்குடியில் பாதியில் நின்ற மாடிக்குக்
கம்பி வாங்க வேண்டியிருந்தது.
போனேன்.

எட்டு மாதம் விரல்களால் அளந்தேன்.
நான்கு. ஆறு. எட்டு.
அளவை எழுதினேன், நேரத்தை எழுதினேன்.
முகத்தை எழுத அந்தத் தாளில் கட்டம் இல்லை.
நானும் தேடவில்லை.

ஆகஸ்ட்.
இரவு இரண்டு மணிக்கும் கண்ணாடிக் கதவில்
வியர்வை வழியும் ஊர்.
டாக்ஸியில் தனியாக வந்து இறங்கினாள் பேச்சி,
நைட்டிமேல் ஒரு துண்டு, கையில் சூப்பர்மார்க்கெட் பை.
புருஷன் துக்குமில் கிரேன் ஓட்டுகிறான்,
விடிந்தால்தான் விடுவார்கள்,
விட்டாலும் எட்டு மணி நேரம்.

படிவத்தை நீட்டிய பையன் கேட்டான்:
"வேன் அல்-வலீ?"
பொறுப்பாளர் எங்கே, கையெழுத்துப் போட.
அவள் காதில் விழுந்தது ஒரு சொல்தான்.
மெதுவாகத் திரும்பி நின்று
இடுப்பைத் தொட்டுக் காட்டினாள்:
"இங்க. இங்கேருந்து தொடைக்கு இறங்குது."

கவுண்டரில் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்.
அந்தச் சிரிப்பைத்தான் இத்தனை வருஷமாகக்
கழுவிக்கொண்டிருக்கிறேன்.

அவன் கேட்டது என்னவென்று தமிழில் சொன்னேன்.
"அப்ப நீங்க போடுங்க சிஸ்டர்."
போட முடியாதும்மா, சட்டம்.
"சரி, போட வேணாம்.
நில்லுங்க."

ஏழு மணிக்கு என் ஷிப்ட் முடிந்தது.
ஒன்பது இருபது வரை நின்றேன்,
இரண்டு உள்ளங்கையும் அவள் இடுப்பெலும்பில்.
பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ.
என் கட்டைவிரலில் இரண்டு நாள் உணர்ச்சி இல்லை.

பிறகு மஸ்கட்டில் மருத்துவச்சிப் படிப்பு.
வாய்மொழித் தேர்வில்
"இந்தக் கட்டத்தில் என்ன செய்வாய்?" என்றார்கள்.
"காத்திருப்பேன்" என்றேன். தோற்றேன்.
அடுத்த வருஷம் அவர்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்லித் தேறினேன்.
இன்னும் காத்திருக்கிறேன், ஒவ்வொரு கட்டத்திலும்.
மாடியும் இன்னும் பாதியில்தான்.

இப்போது வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் பிறகு,
ஃபலஜ் அல்-கபாயிலில் இக்லாஸின் அழகு நிலையம்.
ஷட்டரை முக்கால் இறக்கி
தலை உலர்த்தும் நாற்காலிகளில் டூலா வகுப்பு.
அதற்குத் தமிழில் என்ன என்று பேச்சி போனில் கேட்டாள்.
துணை என்றேன்.
"அதுக்கா வகுப்பு?"

ஆரஞ்சுப்பழ வலைப்பைதான் கருப்பை,
டென்னிஸ் பந்து தலை.
அதெல்லாம் இரண்டாம் வாரம்.
முதல் நாள், அரைமணி நேரம்
ஒன்றும் செய்யாமல் நிற்கச் சொன்னேன்.
அலுமினிய ஆலையில் கணக்குப் பார்க்கும் ப்ரஸீதா
நான்காம் நிமிஷம் போனை எடுத்தாள்.
இக்லாஸ் துண்டுகளை மடிக்க ஆரம்பித்தாள்.
என்னைவிடப் பதினைந்து வயது மூத்த மௌஸா மட்டும்
கண்ணாடியைப் பார்த்தபடி அசையவில்லை.
பிறகு சொன்னாள்:
"ஏழு பெற்றேன்.
ஏழு முறையும் வெளியே வண்டி ஓடிக்கொண்டே நின்றது,
அவருக்கு ஏ.சி. வேண்டும்.
அந்த எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பெற்றேன்."

பேச்சியின் இரவை அவர்களிடம் சொன்னபோது
மௌஸா சிரிக்கவில்லை.
"வலீ என்றால் முதலில் அருகில் இருப்பவர்.
கையெழுத்தெல்லாம் அப்புறம் வந்தது."
எங்கள் மொழியில் வலிக்குப் பலம் என்றும் பொருள் உண்டு
என்று சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.
இடுப்பு பிளக்கிற பெண்ணிடம்
யாரும் சொல்லக்கூடாத வாக்கியம் அது.

போன வாரம் மௌஸாவுக்கு முதல் அழைப்பு,
சிட்டகாங்கிலிருந்து வந்த ஒரு தையல்காரப் பெண்.
அதே கவுண்டர். அதே படிவம்.
பையனுக்கு மட்டும் மீசை நரைத்திருக்கிறது.
"வேன் அல்-வலீ?"

மௌஸா நிமிரவில்லையாம்.
தரையில் உட்கார்ந்து
அந்தப் பெண்ணின் செருப்பு வாரை
அவிழ்த்துக்கொண்டிருந்தாளாம்.
கால் அவ்வளவு வீங்கியிருந்ததாம்.